கார்த்தேஜ்: தோற்றவர்களின் ஊரைத் தோண்டுவது

கார்த்தேஜைப் பற்றி கார்த்தேஜ்காரர் ஒருவர் எழுதிய வரலாற்று நூல் ஒன்றுகூட நம் கைக்கு வந்து சேரவில்லை. ஆறரை நூற்றாண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்து, மேற்கு மத்தியதரைக் கடல் வணிகத்தின் பெரும்பகுதியைக் கையில் வைத்திருந்த நகரம் அது. நூலகங்களும் இருந்தன. கி.மு. 146இல் ரோமானியர் நகரை எரித்தபோது அந்த நூல்களை ஆப்பிரிக்கச் சிற்றரசர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று பிளினி எழுதுகிறார். தங்களுக்கென்று அவர்கள் எடுத்துக்கொண்டது மாகோ என்பவர் வேளாண்மை பற்றி எழுதிய இருபத்தெட்டுத் தொகுதிகளை மட்டும். அதை லத்தீனில் பெயர்க்கச் செனட் சபையே ஆணையிட்டது. அந்தப் பெயர்ப்பும் இன்று இல்லை. பிற்கால எழுத்தாளர்கள் எடுத்தாண்ட சில பகுதிகள் மிஞ்சியிருக்கின்றன. பேரரசர் கிளாடியஸ் கார்த்தேஜின் வரலாற்றைக் கிரேக்க மொழியில் எட்டுத் தொகுதிகளாக எழுதினார். அதுவும் போயிற்று.

ஆக, நம்மிடம் இருப்பது எதிர்த்தரப்பின் வாக்குமூலம். ரோமானியத் தளபதி ஸிப்பியோ எமிலியானஸின் அருகில் நின்று நகரம் எரிவதைப் பார்த்த பொலிபியஸ், ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து எழுதிய லிவி, கார்த்தேஜோடு தலைமுறை தலைமுறையாகப் போரிட்ட சிசிலித் தீவின் தியோடோரஸ், முந்நூறு ஆண்டு கழித்துப் பழைய ஏடுகளை வைத்துக்கொண்டு எழுதிய அப்பியன். இந்த ஊரில் தோண்டத் தொடங்கி இருநூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. அவ்வளவு காலத்துத் தொல்லியலையும் ஒரு கேள்விக்குள் அடக்கலாம்: எதிரி சொன்னதில் எதை மண் ஒப்புக்கொள்கிறது? வென்றவன் எழுதியதெல்லாம் பொய் என்று முடிவுகட்டிக்கொண்டு இறங்கியவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். அப்படியே நம்பி இறங்கியவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியே உரசிப் பார்க்க வேண்டியிருந்தது என்பதுதான் இந்த ஆய்வின் சுவை.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். துனீசியத் தலைநகர் துனிஸிலிருந்து கடற்கரையோரமாகச் செல்லும் புறநகர் ரயிலில் கார்த்தேஜ் சலாம்போ, கார்த்தேஜ் பிர்ஸா, கார்த்தேஜ் ஹன்னிபால் என்று வரிசையாக நிறுத்தங்கள் வருகின்றன. சுற்றிலும் வசதியானவர்களின் வீடுகள். குடியரசுத் தலைவர் மாளிகையும் அங்கேதான். பார்க்கப் போகிறவர் கம்பீரமான தூண் வரிசைகளை எதிர்பார்த்தால் ஏமாறுவார். ரோமானியர் மீண்டும் கட்டிய கார்த்தேஜ் கி.பி. 698இல் அரபுப் படைகளிடம் வீழ்ந்தபின் பல நூறு ஆண்டுகள் கற்சுரங்கமாகவே பயன்பட்டது. கைரவான் பெரிய பள்ளிவாசலின் தூண்களில் பல இப்படிப் பழைய நகரங்களிலிருந்து பெயர்த்தெடுத்துப் போனவை. மேலே இருந்த ரோமானிய நகரத்துக்கே இந்தக் கதி. நாம் தேடும் பழைய கார்த்தேஜ், அதாவது பினீசியர் வழிவந்த பியூனிக் நகரம், அதற்கும் கீழே கிடக்கிறது.

டென்மார்க்கின் தூதராகத் துனிஸில் இருந்த கிறிஸ்டியன் ஃபால்பே 1833இல் வெளியிட்ட வரைபடம்தான் முதல் முறையான வேலை. பிறகு 1850களில் நேத்தன் டேவிஸ் மொசைக் தளங்களைப் பெயர்த்து பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். பிரெஞ்சு அறிஞர் பெலே 1859இல் பிர்ஸா குன்றைத் தோண்டினார். இவர்கள் எல்லாரையும்விடக் கார்த்தேஜின் பிம்பத்தைத் தீர்மானித்தவர் ஒரு நாவலாசிரியர். 1858இல் வந்து இடத்தைப் பார்த்துவிட்டுப் போன ஃப்ளோபெர், 1862இல் ‘சலாம்போ’வை வெளியிட்டார். பிள்ளைகளை விழுங்கும் மோளேகு என்ற நெருப்புத் தெய்வம் ஐரோப்பிய வாசகர் மனதில் அழியாமல் பதிந்தது. ரயில் நிறுத்தம் ஒன்றுக்கே அந்த நாவலின் பெயர் இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்து வேலையின் போக்கைக் காட்ட ஒரு விபத்து போதும். பிரிகோ தெ செயின்ட் மரி என்ற பிரெஞ்சு அலுவலர் 1870களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பியூனிக் நினைவுக் கற்களைச் சேகரித்தார். அவற்றைப் பாரிஸுக்குக் கொண்டுபோக ‘மஜெந்தா’ என்ற போர்க்கப்பலில் ஏற்றினார்கள். 1875 அக்டோபர் 31 அன்று தூலோன் துறைமுகத்தில் அந்தக் கப்பல் தீப்பற்றி வெடித்து மூழ்கியது. கற்களில் ஒரு பகுதியை அப்போது மீட்டார்கள். மீதியைத் தேடி 1990களில் நீரடி அகழ்வாளர்கள் இறங்க வேண்டியிருந்தது. இரண்டாயிரம் ஆண்டு மண்ணுக்குள் பத்திரமாகக் கிடந்த எழுத்துகள், அருங்காட்சியகத்துக்குப் போகும் வழியில் கடலுக்குள் போயின.

அதே 1875இல் வந்து சேர்ந்த பாதிரியார் தெலாத்ர், அரை நூற்றாண்டுக்கு மேல் இங்கே தோண்டினார். நூற்றுக்கணக்கான பியூனிக் கல்லறைகளைத் திறந்தவர் அவர், கண்டெடுத்தவை ஏராளம். ஆனால் எந்தப் பொருள் எந்த அடுக்கில், எதன் அருகில் கிடந்தது என்ற குறிப்பு போதிய அளவில் இல்லாததால் அவர் கண்டெடுத்தவற்றில் பாதி அழகுப் பொருளாகவே நிற்கிறது. அவருடைய மனம் இருந்ததும் வேறிடத்தில்: கி.பி. 203இல் கொல்லப்பட்ட பெர்பெத்துவா, ஃபெலிசிட்டி போன்ற கிறிஸ்தவ மறைசாட்சிகளின் கார்த்தேஜ்தான் அவருக்கு வேண்டியிருந்தது. பிர்ஸா குன்றின் உச்சியில் 1890இல் பெரிய தேவாலயம் எழுந்தது. பிரெஞ்சு ஆட்சிக்கோ, தன்னை ரோமின் வாரிசாகக் காட்டிக்கொள்ள ரோமானிய இடிபாடுகள் தேவைப்பட்டன. இடையில் கிடந்த பியூனிக் நகரத்துக்குப் பரிந்து பேச ஆளில்லை.

நிலைமை மாறியது 1970களில். துனிஸ் நகரம் வீங்கிக்கொண்டு வந்தது. கார்த்தேஜ் முழுவதும் வீட்டு மனைகளாகிவிடும் என்ற அச்சத்தில் துனீசிய அரசும் யுனெஸ்கோவும் 1972 வாக்கில் ஒரு பன்னாட்டு மீட்பு அகழ்வைத் தொடங்கின. பத்துக்கும் மேற்பட்ட நாடுகளின் குழுக்கள் வந்தன. துறைமுகத் தீவை பிரிட்டனின் ஹென்றி ஹர்ஸ்ட், வணிகத் துறைமுகத்தையும் குழந்தைகள் புதைந்த இடத்தையும் அமெரிக்காவின் லாரன்ஸ் ஸ்டேகர், கடலோரக் குடியிருப்பை ஜெர்மனியின் ஃப்ரீட்ரிஷ் ராகோப், பிர்ஸாவை பிரான்சின் செர்ஜ் லான்செல் என்று பிரித்துக்கொண்டார்கள். துனீசியத் தரப்பில் அப்துல்மஜீத் என்னாப்லி பொறுப்பேற்றார். இன்று கார்த்தேஜ் பற்றி நாம் உறுதியாகச் சொல்லும் செய்திகளில் பெரும்பகுதி இந்த இருபது ஆண்டு வேலையில் பிறந்தது. 1979இல் இந்த இடம் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது.

முதலில் வயது. பினீசிய நகரமான தீருவின் இளவரசி எலிஸ்ஸா (ரோமானியர் வாயில் திதோ) தப்பிவந்து இந்நகரை நிறுவினாள், அது முதல் ஒலிம்பிக் போட்டிக்கு முப்பத்தெட்டு ஆண்டு முன்னால் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் திமேயஸ் கணக்குக் கொடுத்தார். நம் கணக்கில் கி.மு. 814. தொல்லியலாளர்கள் நெடுங்காலம் இதைக் கட்டுக்கதை என்றே ஒதுக்கினார்கள். காரணம் இருந்தது: எவ்வளவு ஆழம் போனாலும் கிரேக்கப் பானை ஓடுகளை வைத்துக் காலம் சொன்னால் கி.மு. 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன்னால் எதுவும் கிடைக்கவில்லை. பிறகு பிர் மஸ்ஸூதா என்ற இடத்தில் அடிமட்ட அடுக்கிலிருந்து எடுத்த விலங்கு எலும்புகளைக் கரிமக் கணிப்புக்கு அனுப்பியபோது அவை கி.மு. 9ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியைக் காட்டின. இளவரசியைப் பற்றி எலும்பு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் திமேயஸின் ஆண்டுக்கணக்கு ஏறக்குறையச் சரி. கூடவே இன்னொரு சிக்கலும் முளைத்தது: பானை சொல்லும் வயதுக்கும் கரிமம் சொல்லும் வயதுக்கும் இடையே அரை நூற்றாண்டு இடைவெளி. அது கார்த்தேஜின் சிக்கல் மட்டுமல்ல. அந்தக் காலத்து மத்தியதரைக் கடல் முழுவதற்கும் காலவரிசை கட்டியிருப்பதே அந்தப் பானைகளின் மேல்தான்.

துறைமுகத்தின் கதை இதைவிடச் சுவையானது. அப்பியன் விவரிக்கிறார்: இரண்டு துறைமுகங்கள், ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் வழி, கடலிலிருந்து நுழைய எழுபதடி அகல வாயில், அதை மூட இரும்புச் சங்கிலிகள். வெளித் துறைமுகம் வணிகக் கப்பல்களுக்கு. உள்ளே இருப்பது வட்டமானது, நடுவில் ஒரு தீவு. தீவிலும் சுற்றுக்கரையிலுமாக 220 போர்க்கப்பல்களுக்கான கொட்டகைகள். ஒவ்வொரு கொட்டகையின் முன்னும் இரண்டு அயோனியத் தூண்கள். வணிகர்களுக்கே உள்ளே நடப்பது தெரியாதபடி இரட்டைச் சுவர். இன்று போனால் அங்கே இருப்பவை கரையோரமாக இரண்டு சிறிய குட்டைகள். ஒன்று நீளமானது, மற்றது வட்டமானது. ஒரு பேரரசின் கப்பற்படை இந்தக் குட்டையிலா நின்றது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலரும் நகைத்தார்கள். உண்மையான துறைமுகத்தை வேறு எங்கெங்கோ தேடினார்கள்.

ஹர்ஸ்டின் குழு தீவைத் தோண்டியபோது கப்பல்களை இழுத்து ஏற்றும் சரிவுத் தளங்கள் விசிறிபோல் விரிந்து கிடைத்தன. தீவில் மட்டும் சுமார் முப்பது. வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 325 மீட்டர். சுற்றுக்கரையையும் சேர்த்துக் கணக்கிட்டால் நூற்றெழுபதுக்குப் பக்கத்தில் வருகிறது. 220 அல்ல, ஆனால் அமைப்பு முழுக்க அப்பியன் சொன்னபடியே. முந்நூறு ஆண்டு கழித்து எழுதியவர் இவ்வளவு துல்லியமாகச் சொன்னார் என்றால், நேரில் பார்த்த பொலிபியஸின் ஏட்டை அவர் கண்முன் வைத்திருந்தார் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

இதுவரை எல்லாம் சுகம். காலத்தைக் கணித்தபோதுதான் அதிர்ச்சி. தளங்களுக்கு அடியில் கிடைத்த பானைகளும் காசுகளும் இந்த வட்டத் துறைமுகம் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தது என்று காட்டின. அதாவது, இரண்டாம் பியூனிக் போரில் கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் ரோமிடம் தோற்ற பிறகு. கி.மு. 201இல் கையெழுத்தான உடன்படிக்கைப்படி கார்த்தேஜ் பத்துப் போர்க்கப்பல்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஐம்பது ஆண்டுகளில் பத்தாயிரம் தாலந்து வெள்ளி தண்டமாகக் கட்ட வேண்டும். பத்துக் கப்பல் மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்ற நகரம், நூற்றெழுபது கப்பலுக்குக் கொட்டகை எதற்குக் கட்டியது?

மூன்றாம் பியூனிக் போருக்கு முன் ரோமானியத் தூதர்கள் கார்த்தேஜில் கப்பல் கட்டும் மரம் குவிந்துகிடப்பதைக் கண்டதாக ஊர் திரும்பிச் சொன்னார்கள் என்று லிவியின் வரலாற்றுச் சுருக்கம் கூறுகிறது. இதைப் படையெடுக்கச் சொன்ன சாக்கு என்றே நவீன வரலாற்றாசிரியர்கள் பலர் எடுத்துக்கொண்டார்கள். நகரத்தை அழித்தே தீர வேண்டும் என்று செனட்டில் ஓயாமல் முழங்கிய கேட்டோவின் அரசியலைப் பார்த்தால் அப்படி நினைப்பது இயல்பும்கூட. ஆனால் ஹர்ஸ்டின் தளங்கள் அந்தத் தூதர்களின் பக்கம் சாய்கின்றன. தப்பிக்க வழி இல்லாமல் இல்லை: இரண்டாம் பியூனிக் போரின் இறுதியில் வேலை தொடங்கி, தோல்விக்குப்பின் வணிகத்துக்காக முடித்திருக்கலாம் என்கிறார்கள் சிலர். காசுகளின் காலத்தைச் சில பத்தாண்டுகள் தள்ளினால் அதுவும் பொருந்தும். எனக்கு அது வலிந்து சொல்வதாகவே படுகிறது. இருந்தாலும் போர் நியாயமானது என்று இதை வைத்து எவரும் சொல்லிவிட முடியாது. போர் தொடங்கும் முன் ரோம் ஆயுதங்களைக் கேட்டபோது கார்த்தேஜ் மறுக்காமல் ஒப்படைத்தது. அதன்பிறகும் ஊரைக் காலி செய்துவிட்டுக் கடலிலிருந்து உள்ளே தள்ளிப் போங்கள் என்றது ரோம். கடலால் வாழும் ஊருக்கு அது மரண தண்டனை.

மூன்றாண்டு முற்றுகை கி.மு. 146 வசந்தத்தில் முடிந்தது. துறைமுகத்திலிருந்து பிர்ஸாவுக்கு ஏறும் மூன்று தெருக்களில் ஆறு நாள் வீடு வீடாகச் சண்டை நடந்தது, ஆறு மாடி வீடுகளின் கூரைமேல் பலகை போட்டு ரோமானியர் தாவித் தாவிச் சென்றார்கள், கடைசியில் ஐம்பதாயிரம் பேர் சரணடைந்து அடிமைகளானார்கள் என்பது அப்பியன் தரும் சித்திரம். லான்செலின் குழு பிர்ஸா சரிவில் நேர்க்கோட்டுத் தெருக்களோடு ஒரு குடியிருப்பையே திறந்துகாட்டியது: வீட்டுக்கு வீடு நிலத்தடி மழைநீர்த் தொட்டி, வடிகால், மேலே சாம்பல் அடுக்கு, மனித எலும்புகள். ஆறு மாடி என்பதை மிஞ்சிய கீழ்ப்பகுதியை வைத்து நிறுவ முடியாது. மற்றபடி எரிந்த நகரம் எரிந்த நகரமாகவே கிடந்தது. இந்த வீடுகள் தப்பியதற்குக் காரணம் ரோமானியரே. அகஸ்டஸ் காலத்தில் குன்றின் உச்சியைச் சீவிச் சமதளமாக்கி மன்றம் கட்டியபோது, வெட்டிய மண்ணைச் சரிவில் தள்ளினார்கள். அந்த மண் இரண்டாயிரம் ஆண்டு போர்வையாயிற்று. உச்சியில் இருந்த பியூனிக் கோயிலும் கோட்டையும் அந்தச் சீவலிலேயே போய்விட்டன.

எரித்தது உண்மை. உப்பு விதைத்தது பொய். வென்ற ரோமானியர் கார்த்தேஜின் நிலத்தை உழுது உப்பு தூவினார்கள் என்று பள்ளிப் பாடம் முதல் பட்டிமன்றம் வரை சொல்கிறார்கள். பண்டைய நூல் எதிலும் இது இல்லை. ரோனால்ட் ரிட்லி 1986இல் இந்தச் செய்தியின் தடத்தைப் பின்தொடர்ந்து போய், இருபதாம் நூற்றாண்டு நூல்களில், குறிப்பாக 1930இல் வந்த ‘கேம்பிரிட்ஜ் பண்டைய வரலாறு’ தொகுதியில், கொண்டுபோய் நிறுத்தினார். அதற்கு முன்பே பத்தொன்பதாம் நூற்றாண்டில் சில இடங்களில் தலைகாட்டியிருக்கிறது. ஆனால் பழங்காலத்துக்குப் போவதில்லை. விவிலியத்தில் அபிமெலேக்கு சீகேம் பட்டணத்தை இடித்து உப்பு விதைத்த செய்தி நழுவி இங்கே ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்சம் யோசித்தாலே சந்தேகம் வந்திருக்க வேண்டிய கதை இது. கி.மு. 122இலேயே ரோமானிய அரசியல்வாதி கையுஸ் கிராக்கஸ் ஆயிரக்கணக்கான குடியேறிகளை இங்கே அமர்த்தப் பார்த்தார். அடுத்த நூற்றாண்டில் ரோமுக்குச் சோறு போட்ட நிலம் இது. தன் உலையில் தானே மண்ணள்ளிப் போட ரோமானியர் அவ்வளவு ஏமாளிகள் அல்ல. சில கொடுமைகளை எதிரி செய்யவில்லை. நவீன ஆசிரியர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியே உண்டாக்கினார்கள்.

இனி, எல்லாரும் கேட்கும் கேள்வி. கார்த்தேஜ்காரர்கள் தங்கள் குழந்தைகளைப் பலியிட்டார்களா?

தியோடோரஸின் கதை பயங்கரமானது. கி.மு. 310இல் சிராகூஸின் அகதோக்ளிஸ் நகரை நெருக்கியபோது, தெய்வத்துக்குச் சொந்தப் பிள்ளைகளைக் கொடுக்காமல் விலைக்கு வாங்கிய பிள்ளைகளைக் கொடுத்து ஏமாற்றிவிட்டோம் என்று பெரிய குடும்பத்தார் அஞ்சினார்களாம். இருநூறு உயர்குடிப் பிள்ளைகளைப் பகிரங்கமாகப் பலியிட்டார்களாம். வெண்கலச் சிலையின் சாய்ந்த கைகளில் வைத்தால் குழந்தை உருண்டு நெருப்புக்குழியில் விழுமாம். இதே கார்த்தேஜை நன்கறிந்த பொலிபியஸோ, திட்டுவதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்த லிவியோ இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. அதனால் இது கிரேக்கரின் அவதூறு என்று ஒதுக்குவோர் எப்போதும் இருந்தார்கள்.

1921 இறுதியில் ஒரு திருட்டுக் கல் சந்தைக்கு வந்தது. ஒரு மீட்டருக்கு மேல் உயரமான கூர்ங்கல். அதில் நீண்ட அங்கி அணிந்த பூசாரி ஒருவர், ஒரு கை உயர்த்தி, மறு கையில் குழந்தையை ஏந்தி நிற்கிறார். பழம்பொருள் ஆர்வலர்களான இக்கார், ஜியெல்லி என்ற இரு பிரெஞ்சு அலுவலர்கள் விற்றவரைப் பின்தொடர்ந்து இடத்தைக் கண்டுபிடித்து, நிலத்தையே வாங்கித் தோண்டினார்கள் என்று சொல்வார்கள். துறைமுகத்துக்குச் சற்று மேற்கே அந்த இடம். அடுக்கடுக்காகத் தாழிகள், ஒவ்வொன்றிலும் எரிந்த சிற்றெலும்புகள், மேலே நினைவுக்கல். விவிலியத்தில் எருசலேமுக்கு வெளியே பிள்ளைகளைத் தீக்குட்படுத்திய இடத்தின் பெயரை எடுத்து இதற்குத் ‘தோப்பேத்’ என்று பெயரிட்டார்கள். கார்த்தேஜ்காரர் இதை எப்போதும் அப்படி அழைத்ததாகச் சான்றில்லை. வழக்குத் தொடங்கும் முன்பே தீர்ப்பை வாசலில் எழுதி மாட்டியதுபோல் ஆயிற்று.

பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கெல்சி 1925இல் தோண்டினார். பாதிரியார் லப்பேயர், பியர் சின்டாஸ் தொடர்ந்தார்கள். ஒழுங்கான அடுக்கு முறையில் தோண்டியது 1976 முதல் 1979 வரை ஸ்டேகர்தான். அவர் எடுத்தவை நானூற்றுக்கு மேற்பட்ட தாழிகள். கி.மு. 400க்கும் 200க்கும் இடையில் மட்டும் இருபதாயிரம் தாழிகள் வைக்கப்பட்டிருக்கலாம் என்று அவர் மதிப்பிட்டார். சில தாழிகளில் குழந்தைக்குப் பதில் ஆட்டுக்குட்டியின் எலும்பு. பழைய அடுக்குகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு தாழியில் விலங்கு; கி.மு. 4ஆம் நூற்றாண்டில் பத்தில் ஒன்று. நாகரிகம் வளர வளர மனிதப் பலி குறைந்து விலங்குப் பலி கூடும் என்ற பாடநூல் எதிர்பார்ப்பு இங்கே தலைகீழானது.

கற்களில் உள்ள எழுத்து ஆயிரக்கணக்கில் கிடைத்தும் சொல்வது ஒன்றே: பாகாலின் முகமான தானித் தேவிக்கும் பாகால் ஹம்மோனுக்கும் இன்னாருடைய மகன் இன்னார் நேர்ந்துகொண்டது, தெய்வம் அவர் குரலைக் கேட்டது, ஆசி தந்தது. இறந்த குழந்தையின் பெயர் இல்லை, துக்கம் இல்லை. நேர்த்திக்கடனைச் செலுத்தியதற்கான ரசீதுதான். கல்வெட்டில் வரும் ‘மோல்க்’ என்பது தெய்வத்தின் பெயரன்று, ஒருவகைப் பலியின் பெயர் என்று ஓட்டோ ஐஸ்ஃபெல்ட் 1935இல் காட்டியபோது ஃப்ளோபெரின் மோளேகு தெய்வம் கலைந்துபோனது. ஆனால் பலி என்ற சந்தேகம் கூடியது.

எதிர்வாதமும் வலுவானதே. எலென் பெனிஷூ-சஃபார், இத்தாலியின் சபத்தினோ மொஸ்காத்தி, துனீசியாவின் ஹசீன் ஃபந்தார் ஆகியோர் இது பிறந்ததும் இறந்த குழந்தைகளின் தனிச் சுடுகாடு என்றார்கள். பழங்காலத்தில் பிறந்த குழந்தைகளில் பெரும்பங்கு ஓராண்டைக் காணாது. கார்த்தேஜின் சாதாரண இடுகாடுகளில் சிசுக்கள் மிக அரிது. அப்படியானால் அவர்கள் எங்கே? இங்கேதான்.

2010இல் ஜெஃப்ரி ஷ்வார்ட்ஸ் தலைமையிலான குழு ஸ்டேகர் எடுத்த 348 தாழிகளில் 540 குழந்தைகளின் எச்சத்தை அளந்து, பலர் கருவிலோ பிறந்த சில நாளிலோ இறந்தவர்கள் என்று அறிவித்தது. பிறந்து ஒரு வாரம் பத்து நாள் உயிரோடிருந்தால் பல்லின் எனாமலில் ஒரு கோடு விழும். சோதித்த பற்களில் பாதியளவுக்கு அந்தக் கோடு இல்லை என்றார்கள். கருவில் இறந்த குழந்தையைப் பலியிட முடியாது. ஆகவே இது பெரும்பாலும் இயற்கை மரணம். அடுத்த ஆண்டே பட்ரீஷியா ஸ்மித், ஸ்டேகர் குழுவினர் அதே சேகரிப்பை வைத்து மறுத்தார்கள்: நெருப்பில் பல் சுருங்கும், சுருங்கிய பல்லை அப்படியே அளந்தால் குழந்தையின் வயது குறைந்துதான் தெரியும். சுருக்கத்தைச் சரிக்கட்டினால் பெரும்பாலான குழந்தைகளின் வயது ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் குவிகிறது. இயற்கை மரணம் முதல் வாரத்தில்தான் குவிய வேண்டும். ஒன்றரை மாதத்தில் குவிந்தால் யாரோ தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஒரே தாழிகள், ஒரே எலும்புகள், நேரெதிரான இரு முடிவு. பல் எவ்வளவு சுருங்கும் என்ற ஒற்றை எண்ணில் ஒரு நாகரிகத்தின் மானம் தொங்கிக்கொண்டிருக்கிறது.

எலும்பை விட்டுவிட்டு எளிய கணக்கொன்றைப் போட்டுப் பார்க்கலாம். இருநூறு ஆண்டில் இருபதாயிரம் என்றால் ஆண்டுக்கு நூறு. லட்சம் பேர் வாழும் பண்டைய நகரமொன்றில் ஆண்டுக்கு மூவாயிரம், நாலாயிரம் பிறப்பு என்று வைத்தால், சிசு மரணம் மட்டும் பல நூறு இருந்திருக்கும். அப்படியானால் தோப்பேத் எல்லாச் சிசுக்களுக்கும் பொதுவான சுடுகாடு அல்ல. ஊரில் இறந்த சிசுக்களில் சிறு பகுதியே இங்கே வந்தது. அதே கணக்குப்படி, வீட்டுக்கு வீடு தலைப்பிள்ளையைக் கொன்ற ஊரும் அல்ல. இரு தரப்புக்கும் இந்த எண் இடைஞ்சலானது.

பாவ்லோ க்செல்லா, ஜோசஃபின் க்வின் உள்ளிட்டோர் 2013இல் எழுத்துச் சான்று, கல்வெட்டு, இடத்தின் அமைப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து பலி நடந்தது என்ற பக்கம் நின்றார்கள். நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். காரணம் எலும்பு அல்ல, கல்வெட்டு. தெய்வம் கேட்ட வரத்தைத் தந்துவிட்டது என்று நன்றி சொல்லிக்கொண்டு, நோயில் இறந்த குழந்தையை யாரும் புதைக்க மாட்டார்கள். ஆட்டுக்குட்டியும் அதையே சொல்கிறது: அல்ஜீரியாவின் ங்காவூஸில் கிடைத்த ரோமானியக் காலக் கற்கள், உயிருக்கு உயிராக ஆட்டைக் கொடுத்ததாக வெளிப்படையாகவே பேசுகின்றன. ஆனாலும் தாழியில் உள்ள ஒவ்வொரு குழந்தையும் பலி என்று நான் நம்பவில்லை. குறைப்பிரசவங்களும் அதே புனித மண்ணில் இடம்பெற்றிருக்கலாம். இதைக் கேட்டு முகம் சுளிக்கும் முன் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: கன்னேயில் ஹன்னிபாலிடம் தோற்ற கி.மு. 216இல் ரோமானியர் கோல் (Gaul) இனத்தவர் இருவரையும் இரண்டு கிரேக்கர்களையும் தங்கள் ஊர்ச் சந்தையில் உயிரோடு புதைத்தார்கள். மனிதப் பலியைச் செனட் தடைசெய்தது கி.மு. 97இல்தான். அதற்குள் கார்த்தேஜ் அழிந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

கடைசியாக, இவர்கள் யார்? பினீசியர் என்று கிரேக்கரும் ரோமானியரும் சொன்னார்கள்; கார்த்தேஜ்காரரும் ஆண்டுதோறும் தீருவின் மெல்கார்த் கோயிலுக்குக் காணிக்கை அனுப்பித் தாய்நகரத்தை மறக்காமல் இருந்தார்கள். பிர்ஸாவில் 1994இல் கிடைத்த, கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இளைஞர் ஒருவரின் தாய்வழி மரபணுவை 2016இல் படித்தபோது அது ஐரோப்பிய வழியாக, ஐபீரியாவை நோக்கிக் கைகாட்டுவதாக இருந்தது. ஓர் ஆளை வைத்து என்ன சொல்ல முடியும் என்று விட்டுவிட்டார்கள். 2025இல் ஹரால்ட் ரிங்பாவர் குழுவினர் மத்தியதரைக் கடல் முழுவதிலுமிருந்து 210 பேரின் மரபணுவை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். மேற்கிலுள்ள பியூனிக் ஊர்களில் பினீசியரின் தாயகமான லெபனான் கரையின் மரபு ஏறக்குறைய இல்லை. சிசிலி, ஏஜியன் பக்கத்து மரபே மிகுதி. வட ஆப்பிரிக்க மரபு உண்டு, கார்த்தேஜிலும் அது சிறுபான்மைதான். மொழி, தெய்வம், எழுத்து, பெயர் எல்லாம் பினீசியம். உடம்பு ஊர் ஊராகச் சேர்ந்தது.

இதை அப்படியே விழுங்கவும் கூடாது. பினீசியர் தொடக்கத்தில் இறந்தவர்களை எரித்தார்கள். புதைக்கும் வழக்கம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் பரவியது. எரிந்த எலும்பில் மரபணு அநேகமாக மிஞ்சுவதில்லை. ஆக, முதலில் வந்திறங்கிய தலைமுறைகள் இந்த ஆய்வின் கண்ணில் படவே படாது. தோப்பேத் குழந்தைகளும் அப்படியே. இருந்தாலும் ‘கீழ்த்திசையிலிருந்து வந்த அந்நியர்’ என்று ரோமானியர் வரைந்த படம் இனி நிற்காது. கன்னேயில் மோதியவர்களில் பலர் மரபணுவில் ஒருவருக்கொருவர் அவ்வளவு தூரத்தவர்கள் அல்ல.

1985இல் ரோம், கார்த்தேஜ் நகரங்களின் மேயர்கள் கூடி, முறைப்படி முடிவுக்கு வராமலே கிடந்த பியூனிக் போரை முடித்துக்கொள்வதாகக் கையெழுத்திட்டார்கள். வேடிக்கைதான், ஆனால் கார்த்தேஜ் நிலத்தின் மேல் நடக்கும் போர் வேறு. துனீசிய அதிபர் பென் அலியின் ஆட்சியில் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் நிலத்தின் சில பகுதிகளைப் பட்டியலிலிருந்து நீக்கி மனைகளாக விற்றார்கள். 2011 புரட்சிக்குப்பின் அந்த நீக்கம் ரத்தானது. கட்டியவை கட்டியவையாகவே பல இடங்களில் நிற்கின்றன.

வேலைகளை வரிசைப்படுத்தச் சொன்னால், தோப்பேத்தின் தோண்டாத பகுதியை இப்போதைக்குத் தொட வேண்டாம் என்பேன். நெருப்பில் பல் சுருங்கும் அளவை எல்லாரும் ஒப்பும்படி கணிக்க ஒரு முறை வரும்வரை புதிய தாழிகள் பழைய சண்டைக்குத்தான் விறகாகும். அவசரம் கடற்கரையில் இருக்கிறது. வட்டத் துறைமுகம் நகரத்தின் கடைசி அரை நூற்றாண்டுக்கு உரியது. அதற்கு முன் ஆறு நூற்றாண்டு, சிசிலிக்கும் சார்டினியாவுக்கும் படை அனுப்பிய கப்பல்கள் எங்கே நின்றன என்பதற்கு இன்னும் உறுதியான விடை கிடையாது. துனிஸ் ஏரியின் கரையையும் க்ராம் விரிகுடாவையும் சுட்டுகிறார்கள். இரண்டும் தூர்ந்து, மேலே சாலையும் வீடும் வந்துகொண்டிருக்கும் இடங்கள். துளையிட்டு வண்டல் மாதிரி எடுக்கும் வேலையை அடுத்த அஸ்திவாரம் இறங்கும் முன் செய்தாக வேண்டும்.